நற்காரியத்தின் பெயரால்: அன்றாட வாழ்வில் பாவம் தவிர்த்தல் குறித்து

சென்னைக்கு மேற்கே கூவம் ஆற்றங்கரையில் அமைந்த திருவேற்காடு, இன்று கருமாரியம்மன் கோவிலால் பலரும் அறிந்த ஊராகும். அவ்வூருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. சைவ நாயன்மார் 63 பேருள் ஒருவராகிய மூர்க்க நாயனார் தோன்றிய ஊர் அதுவே. சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் அவரைப் போற்றுகிறார். பூவிருந்தவல்லிக்குத் தெற்கே உள்ள குன்றத்தூரைச் சேர்ந்த சேக்கிழார், 12-ஆம் நூற்றாண்டில் தாம் இயற்றிய பெரியபுராணத்தில் அவருடைய வரலாற்றை விரித்துரைக்கிறார்.

வேளாளர் குலத்தவராகிய அவர், சிவனடியார்க்கு நாள்தோறும் அமுது படைத்த பின்னரே தாம் உண்பது என்னும் நியமம் பூண்டவர். அடியார் கூட்டம் பெருகப் பெருகப் பொருள் கரைந்தது. உடைமைகளை விற்றார், அதுவும் தீர்ந்தது. இளமையில் கற்றிருந்த சூதாட்டம் ஒன்றே எஞ்சி நின்றது. அதில் வென்ற பொருளைக்கொண்டு அமுதளித்து வந்தார். தம் ஊரில் தம்மோடு ஆடுவார் இல்லாமற்போகவே வேற்றூர்களுக்குச் சென்று, இறுதியிற் குடந்தையை அடைந்தார். முதல் ஆட்டத்தில் தாம் தோற்று, எதிராளிக்கு ஆசை மூட்டிப் பின்வரும் ஆட்டங்களில் வெல்லுவது அவருடைய வழக்கம். தோற்ற பின் பொருள் தர மறுத்தவர்களை உடைவாளை உருவிக் குத்தினார். நற்சூதர் என்றும் மூர்க்கர் என்றும் அவர் பெயர் பெற்றது இவ்வாறே.

இவ்வரலாற்றில் நம் கருத்தை ஈர்ப்பது ஒரு சிறு குறிப்பு. சூதில் வந்த பொருளை நாயனார் தம் கையால் தீண்டுவதில்லை. அமுது சமைப்போரே அதை எடுத்துக்கொள்வர். அடியார் அனைவரும் உண்டபின் கடைப்பந்தியில் அமர்ந்து அவர் உண்பார். தமக்கென ஒரு காசும் கொள்ளாதவர் என்பதைக் காட்டவே சேக்கிழார் இதைச் சொன்னார் என்று கொள்வது பொருந்தும். ஆயினும், தூய காரியத்திற்கே செல்லும் பொருளைத் தொடுவதற்கு அந்தக் கை ஏன் தயங்கியது என்று நாம் கேட்காமல் இருக்க இயலவில்லை. பொருள் வந்த வழியை உண்பவர்கள் அறியாதிருக்கலாம்; ஈட்டியவர் அறிவார்.

அன்பின் எல்லையற்ற தீவிரத்தைக் காட்டும் வரலாறாகச் சைவ அன்பர்கள் இதைப் போற்றுகின்றனர். அவர்தம் அடியாரை நியாயந்தீர்ப்பது நம் வேலை அன்று. இதே அமைப்புடைய வரலாறுகள் நம் முற்பிதாக்களிடத்திலும் நம் திருச்சபையிலும் உண்டு. அந்த அமைப்பையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். முதலில் ஒரு நற்காரியம். அது வளர்கிறது. கைப்பொருள் போதவில்லை. காரியத்தைக் குறைக்க மனம் இசையவில்லை. அவ்விடத்திற் சூது நுழைகிறது. சூதின் பின்னே வஞ்சனை. வஞ்சனையின் பின்னே உடைவாள்.

பாவம் நுழையும் வாசல்

பாவத்தைக் குறித்து நாம் பிரசங்கிக்கும்போது குடி, விபசாரம், களவு, பொருளாசை என்று பெயர் சொல்லி எச்சரிக்கிறோம். யாக்கோபு தம் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில் இச்சை கருவுற்றுப் பாவத்தைப் பிறப்பிக்கும் முறையை விளக்குவதை மேற்கோளாகக் காட்டுகிறோம். இவை தேவையானவையே. ஆனால் ஆலயத்திற்கு ஒழுங்காக வருகிற ஒரு விசுவாசியும், அவருக்குப் பிரசங்கிக்கிற போதகரும் அன்றாடம் இடறுவது பெரும்பாலும் இந்த வாசலில் அன்று. தீய இச்சையை அடையாளம் காண இருவரும் ஓரளவு பழகியிருக்கின்றனர். அவர்கள் காவல் வையாத வாசல் நல்ல நோக்கம் என்னும் வாசல்.

சபையாரைப் பற்றிப் பேசுமுன் நம்மைப் பற்றிப் பேசுவோம். ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கிறிஸ்தவக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும். அவள் குடும்பம் ஆலயத்தில் இரண்டொரு முறை காணப்பட்டதே. ஆயினும் ஒழுங்கான சபையார் என்று போதகர் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார். பிள்ளை படிக்கட்டுமே என்பது நோக்கம், நல்ல நோக்கம். அந்த ஓரிடத்திற்கு உண்மையாகவே உரிமையுடைய மற்றொரு பிள்ளை எங்கோ இருப்பது கடிதம் எழுதுகிறவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏழைகள் நிதியிலிருந்து கட்டிட நிதிக்குப் பணம் மாற்றப்படுகிறது. பண்டிகைக்குப் பின் திருப்பி வைத்துவிடலாம் என்பது எண்ணம். கூரை ஒழுகுகிறது என்பது உண்மைதான். வீடு கட்டுவதாக விண்ணப்பித்து அனுமதி பெற்று அங்கே ஆராதனைக் கூடம் எழுப்பப்படுகிறது. ஆண்டறிக்கையில் குடும்பங்களின் எண்ணிக்கை சற்றுக் கூடுகிறது. எண்ணிக்கை குறைந்தால் சபைக்கு ஊழியர் கிடைக்கமாட்டார் என்ற அச்சம் காரணம். பிறர் வாழ்வில் நிகழ்ந்த ஒரு சாட்சியைத் தம் வாழ்வில் நிகழ்ந்ததாகவே பிரசங்கத்திற் சொல்லுகிறோம். கேட்பவர் உள்ளம் உருகுகிறது அல்லவா!

இவற்றுள் ஒன்றிலேனும் போதகர் தமக்கென ஒரு காசு எடுத்தாரா? இல்லை. நாயனாரைப்போலவே அவரும் தீண்டுவதில்லை. தன்னலம் இல்லை என்னும் இந்த உணர்வே மனச்சாட்சியை உறங்கவைக்கிறது. தன்னலத்தோடு களவு செய்கிறவனை அவன் மனச்சாட்சி என்றேனும் ஓரிரவு எழுப்பக்கூடும். தியாக உணர்வோடு செய்கிறவனை எழுப்புவது அரிது.

திருமறையும் திருச்சபையும்

ரெபெக்காளின் செயலை எண்ணிப் பார்ப்போம். மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்னும் வாக்கை அவள் தேவனிடமே பெற்றிருந்தாள் (ஆதி. 25:23). ஈசாக்கு ஏசாவை ஆசீர்வதிக்க ஆயத்தமானபோது, தேவனுடைய வாக்கு நிறைவேறாமற்போகுமே என்று அவள் அஞ்சினாள் போலும். எனவே வெள்ளாட்டுத் தோலை யாக்கோபின் கைகளில் போர்த்தினாள். நோக்கமோ தேவன் தாமே அறிவித்தது. வழி மட்டுமே அவளுடையது. விளைவு யாது? மகன் வீட்டை விட்டு ஓடினான். அதன்பின் தாயும் மகனும் சந்தித்ததாகத் திருமறை எங்கும் கூறவில்லை. யாக்கோபு லாபானால் ஏமாற்றப்பட்டான். முதுமையில் அவனுடைய குமாரர் வெள்ளாட்டுக் கடாவின் இரத்தத்தில் தோய்த்த அங்கியைக் காட்டி அவனை ஏமாற்றினர். தகப்பனை வஞ்சிக்க உதவிய அதே விலங்கு அவனை வஞ்சிக்கவும் உதவிற்று. தேவன் தம் வாக்கை நிறைவேற்றினார் என்பது மெய். ஆயினும் அந்தத் தோல் இல்லாமலும் அவரால் அது கூடும்.

சவுலின் வழக்கு இன்னும் தெளிவானது. அமலேக்கியரின் ஆடுமாடுகளில் சிறந்தவற்றைத் தப்பவைத்தது ஏன் என்று சாமுவேல் வினவியபோது, பலியிடுவதற்கே என்று அவன் விடையிறுத்தான் (1 சாமு. 15). ஆராதனைக்காகக் கீழ்ப்படியாமை! நன்மை விளையுமாயின் தீமை புரியலாமே என்னும் வாதத்தைத் தம்மேல் சுமத்தியவர்களைப் பவுல் ரோமர் 3:8-இல் எவ்வளவு கடுமையாக மறுக்கிறார் என்பதும் நாம் அறிந்ததே.

சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம் மறக்கக்கூடாத நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1517-இல் லூத்தர் எதிர்த்து எழுதிய பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை, ரோமாபுரியில் தூய பேதுரு பேராலயம் கட்டுவதற்கு என்று அறிவிக்கப்பட்டது. திரண்ட பணத்தில் ஒரு பாதி, மைன்ஸ் நகரப் பேராயர் ஆல்பிரெக்ட் தம் பதவிக்காக ஃபுக்கர் வணிகக் குடும்பத்தாரிடம் வாங்கியிருந்த கடனை அடைக்கச் சென்றது. சீட்டு வாங்கிய எளிய மக்கள் இதை அறியார். பேராலயம் கட்டுவது பாவமா? அன்று. கைப்பொருளை மீறி வளர்ந்துவிட்ட ஒரு கட்டிடத்தைக் குறைக்க மனமின்றி, அதற்காக மக்களின் ஆத்தும அச்சத்தை விலைப்பொருளாக்கியதே பாவம். நம் திருச்சபைகள் அந்த எதிர்ப்பிலே பிறந்தவை. ஆகவே கட்டிட நிதி விஷயத்தில் பிறரைவிட நாமே கூச்சமுடையவர்களாய் இருக்கவேண்டியவர்கள்.

அதற்கு 1100 ஆண்டுகளுக்கு முன்னரே அகுஸ்தீன் இக்கேள்வியை நேராகச் சந்தித்தார். ஸ்பெயின் நாட்டில் பிரிஸ்கில்லியன் கொள்கையினர் தங்களை மறைத்துக்கொண்டு திருச்சபைக்குள் இருந்தனர். அவர்களைக் கண்டுபிடிக்க, நாமும் அவர்களுள் ஒருவர்போல் பொய்யாக நடிக்கலாமா என்று கொன்சென்தியுஸ் என்பவர் கேட்டார். ஏறத்தாழ 420-இல் எழுதிய மறுமொழி நூலில் அகுஸ்தீன் கூடாது என்று திட்டமாக உரைத்தார். பொய்யை ஒழிக்கப் பொய்யைக் கருவியாக்கினால், பின்னர் நாம் பேசும் மெய்யை எவர் நம்புவார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இங்கு ஒரு தடை எழும். எபிரெய மருத்துவச்சிகளாகிய சிப்பிராளும் பூவாளும் பார்வோனுக்கு மெய் சொல்லவில்லையே. ராகாப் ஒற்றரை மறைத்தாளே. அகுஸ்தீன் இதையும் விடவில்லை. தேவன் அவர்களுடைய இரக்கத்திற்கே நன்மை செய்தார், பொய்க்காக அன்று என்றார். இவ்விடை எல்லாருக்கும் நிறைவளிப்பதில்லை. நமக்கும் முழு நிறைவளிக்கவில்லை. உயிர்கள் கொலைக்களத்தில் நிற்கும்போது பொய் சொன்னவரைக் குற்றப்படுத்த நமக்கு நா எழாது. இட்லரை எதிர்த்த சதியில் பங்குகொண்டு 1945 ஏப்ரல் 9-இல் தூக்கிலிடப்பட்ட போன்ஹோஃபர், அத்தகைய நிலையில் செயல்படுகிறவன் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறானேயன்றித் தன்னை நீதிமானாக்கிக்கொள்வதில்லை என்று சிந்தித்தார். இதுவே நமக்கு முக்கியம். மெய்யாகவே வேறு வழியற்று நின்றவர்கள் தாங்கள் செய்ததை நன்மை என்று அழைக்கத் துணியவில்லை. நாமோ ஒரு கல்லூரி இடத்திற்காகச் சிப்பிராளைச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

நம் காலத்துச் சூது

தமிழ்நாட்டு அரசு 1968-இல் பரிசுச்சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்னும் முழக்கம் ஊரெங்கும் வழங்கிற்று. நாட்டுக்கு என்ற சொல்லே நற்காரியம். கூலிக்காரரின் அன்றாடக் கூலி அந்தச் சொல்லின் நிழலில் சீட்டுக்கடைக்குப் போயிற்று. 2003 ஜனவரியில் அரசு எல்லாப் பரிசுச்சீட்டுகளின் விற்பனையையும் தடை செய்தது. பின்னர்ச் சூது கைபேசிக்குள் வந்தது. இணையவழி ரம்மியில் பணம் இழந்தோரின் தற்கொலைகள் சட்டமன்றத்திற் பேசப்பட்டன. மாநிலச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மி, போக்கர் ஆகியவற்றை அதன் தடையினின்று விலக்கிற்று. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டம் ஒரு கதவை அடைக்கும். மனிதனை அது மாற்றாது. பங்குச் சந்தையின் முன்பேர வணிகத்தில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஈடுபட்ட தனிநபர்களுள் நூற்றுக்கு 93 பேர் பணம் இழந்தனர் எனச் செபி வாரியம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. இவர்களுள் எத்தனை பேர் பேராசையால் வந்தவர்கள்? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ ஆவடியின் தொழிற்சாலைகளிலோ ஒப்பந்தக் கூலிக்கு உழைக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மகளின் கல்லூரிக் கட்டணம், தாயின் மருத்துவச் செலவு, வீட்டுக் கடனின் தவணை ஆகியவையே அவரைக் கைபேசியின் முன் உட்காரவைக்கின்றன. சூதாட்டத்திற்கு எதிரான நம் பிரசங்கத்தில் பேராசைக்காரனைச் சாடும்போது, அந்த மனிதர் நான்காம் வரிசையில் அமர்ந்து, இது என்னைப் பற்றியது அன்று என்று நிம்மதி கொள்ளுகிறார். நாம் அவருடைய பாவத்திற்குத் தவறான பெயர் இட்டுவிட்டோம்.

அதன் சரியான பெயர் அவிசுவாசம் என்றே நாம் கருதுகிறோம். என் காரியம் இந்த அளவில் நடந்தேறாவிட்டால் நான் ஒன்றுமில்லாதவன்; நான் வழி தேடாவிட்டால் தேவனுக்கும் வழியில்லை. நாயனாரின் இக்கட்டு, ரெபெக்காளின் அச்சம், பேராலயத்தின் அளவு, மகளின் கட்டணம் ஆகிய அனைத்திலும் காரியம் சுருங்குவதைத் தாங்க இயலாத உள்ளம் இருக்கிறது. விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்னும் உபதேசம் தேர்வுத்தாளில் எழுதுவதற்கு மட்டும் உரியதன்று. நம் மதிப்பு நம் கிரியையின் அளவில் தொங்கவில்லை என்று மெய்யாகவே நம்புகிறவனால், நாளைய பந்தியில் கஞ்சி மட்டுமே உண்டு என்று வெட்கமின்றிச் சொல்ல முடியும். ஐயாயிரம் பேருக்கு முன்பாக ஆண்டவர் சீஷரிடம் முதலிற் கேட்டது, உங்களிடம் எத்தனை அப்பங்கள் உண்டு என்பதே (மாற். 6:38).

ஆகவே பாவம் தவிர்த்தலின் முதற்படி பெரும்பாலும் காரியத்தைக் குறைத்தலே. ஆலயத்தின் கோபுரம் மூன்றாண்டு பொறுக்கலாம். மகள் அரசுக் கல்லூரியிற் படிக்கலாம். அதை அவளிடம் சொல்லும் கசப்பைத் தகப்பன் தனியே சுமவாதபடி போதகர் உடன் அமர்ந்திருக்கலாம். எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் காணிக்கை சேர்த்த விதம் இதற்கு நல்ல முன்மாதிரி. ஒருவனிடத்தில் உள்ளதற்கேற்பவே ஈகை ஏற்றுக்கொள்ளப்படும், இல்லாததற்கேற்ப அன்று என்பதை அவர் முதலில் நிலைநாட்டுகிறார் (2 கொரி. 8:12). அதன்பின், சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் பணத்தோடு அனுப்புகிறார். தேவன் முன்பாக மட்டுமின்றி மனிதர் முன்பாகவும் நேர்மை விளங்கவேண்டும் என்கிறார் (8:19-21). அப்போஸ்தலரையே இருவர் மேற்பார்க்கலாமெனில், நம் காணிக்கைப் பெட்டியை ஒருவரே தனியறையில் எண்ணுவதற்கு ஆவிக்குரிய காரணம் எதுவும் இருக்க இயலாது.

முன்னோர் இதில் நம்மைவிடத் தெளிவாய் இருந்தனர். 1743-இல் ஜான் வெஸ்லி தம் சங்கங்களுக்கு வகுத்த பொது விதிகளில், சுங்கவரி கட்டாத சரக்கை வாங்குவதும் விற்பதும், கொடுக்கல் வாங்கலில் வீண் பேரம் பேசுவதும் பாவங்களாகப் பெயர் குறிக்கப்பட்டுள்ளன. பொதுவாகப் பாவத்தை விலக்குங்கள் என்று அவர் சொல்லிவிட்டிருந்தால் எவரும் வருந்தியிருக்கமாட்டார். கடைத்தெருவின் சொற்களில் சொன்னதால் கேட்டவருக்கு உறைத்தது. லூத்தரின் சிறிய ஞானோபதேசம் (1529) வேறொரு வகையில் உதவுகிறது. களவு செய்யாதே என்னும் கற்பனைக்கு விளக்கமாக, பிறன் பொருளை எடாதிருப்பதோடு நில்லாமல், அதைக் காத்து வளர்க்கத் துணைசெய்யவேண்டும் என்று அது கற்பிக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழாக்கித் தந்தது முதல் நம் பிள்ளைகள் மனனம் செய்துவந்த நூல் அது. அதன்படி பார்த்தால், பொய்ப் பரிந்துரையால் இடம் இழந்த அந்தப் பெயர் தெரியாப் பிள்ளையும் நம் அயலானே. நற்காரியத்தின் பெயரால் வரும் பாவத்தில் எப்போதும் இப்படி ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறார். அவரைத் தேடிப் பார்ப்பது நல்ல சோதனை. ஞாயிறு அறிவிப்பில் இதை உள்ளபடியே வாசிக்க முடியுமா என்பது மற்றொரு சோதனை. வாசிக்கும்போது எந்தச் சொல்லை மாற்ற விரும்புகிறோமோ, அச்சொல்லில் நாம் ஒளித்தது இருக்கிறது.

அறுப்பின் பண்டிகையில் நடக்கும் ஏலத்தைச் சிலர் இதனோடு சேர்த்துக் கண்டிக்கின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஓர் எலுமிச்சம்பழத்தை ஆயிரம் ரூபாய்க்கு எடுப்பவர் தாம் கொடுப்பது இன்னதென்று அறிந்தே கொடுக்கிறார். அங்கே பெருமை வரலாம், சூது இல்லை. குலுக்கல் சீட்டோ வேறு. இருநூறு பேர் இழப்பதனால் ஒருவர் மிக்சி பெறுகிறார். ஆசையைக் கருவியாக்கி நாம் கட்டிட நிதி பெறுகிறோம். சேகரக் கமிட்டியில் இதை எதிர்த்துப் பேசும் இளம் போதகர் முதலாண்டு தனித்தே நிற்க நேரிடும். சீட்டினால் கிடைக்கவிருந்த தொகை குறையும் என்பதையும் அவர் மறையாமல் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இறுதியாக, போதகர் வீட்டு வாசலில் அடிக்கடி எழக்கூடிய ஒரு கேள்வி. ரம்மியில் வென்றவர் அதில் தசமபாகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறார். பெறலாமா? வேசிப்பணயத்தைப் பொருத்தனையாகக் கர்த்தருடைய வீட்டிற்குக் கொண்டுவரலாகாது என்று உபாகமம் 23:18 விதிக்கிறது. யூதாஸ் எறிந்துபோன வெள்ளிக்காசுகளைப் பிரதான ஆசாரியர்கூடக் காணிக்கைப் பெட்டியிற் சேர்க்கவில்லை (மத். 27:6), அதைக் கொடுத்தபோது கூசாதவர்கள் பெறும்போது கூசினர். ஆகவே பெறலாகாது. ஆனால் பணத்தை மறுத்து மனிதரையும் வாசலிலேயே அனுப்பிவிட்டால் நாம் அவருக்கு எதுவும் செய்தவர்களாகமாட்டோம். சகேயுவின் வீட்டிற்குச் சென்ற ஆண்டவர் அவனோடு தங்கினார். சகேயு அநியாயமாய் வாங்கினவர்களுக்கு நாலத்தனையாய்த் திருப்பவும், ஏழைகளுக்குப் பாதி கொடுக்கவும் முன்வந்தான். சீஷருடைய பணப்பைக்கு அதில் எதுவும் கேட்கப்படவில்லை. ரம்மியில் தோற்றவர்கள் யார் என்று இவருக்குத் தெரியாது, திருப்பித்தர வழியில்லை. இவர் தோற்ற நாட்களில் யாரிடம் வாங்கினார் என்பது தெரியும். எனவே போதகர் அவரை உட்காரவைத்து, கடன்களை ஒரு தாளில் எழுதச் செய்யட்டும். மனைவிக்குத் தெரியாமல் அடகு வைத்த நகை அத்தாளில் முதல் வரியாக இருக்கட்டும். அதை அவளிடம் சொல்லும்போது, அவர் விரும்பினால், போதகரும் உடன் செல்லட்டும்.